கதவு ஸ்பிரிங்கில் ஒரு தொட்டில்

எங்கள் வீட்டு ஸ்பிரிங் தொட்டிலில் முதன்முதலாகப் படுத்தது ஓர் அம்மிக் குழவி.

பச்சைக் கரை போட்ட பழைய நூல் சேலைதான் தொட்டில். அதன் இரண்டு தலைப்புகளும் ஒரு கம்பி வளையத்தில் முடியப்பட்டிருந்தன. வளையத்துக்கு மேலே, ஒன்றோடொன்று கொக்கி போட்ட இரண்டு ஸ்பிரிங்குகள். அவற்றுக்கும் மேலே, எங்கள் காம்பராவின், அதாவது ஒற்றை அறை வீட்டின், நடு விட்டத்தில் இறுகக் கட்டிய நார்க்கயிறு.

என்னோடு வேலை பார்த்த சோமபால பாஸ் குழவியை இரண்டு கைகளாலும் ஏந்தி, கழுத்து நிற்காத பிள்ளையை வைப்பதுபோலச் சேலைக்குள் வைத்தார். தொட்டில் மெல்ல இறங்கியது. ஓரிடத்தில் தயங்கி நின்றது. பிறகு மேலே ஏறியது. மறுபடி இறங்கியது.

"ஹரி! பபா தூங்கிட்டான்," என்றார் பாஸ். சிங்களத்தில் ஹரி என்றால் சரி, பபா என்றால் கைக்குழந்தை.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற லயத்துச் சனம் சிரித்தது. என் மனைவி மீனாட்சி சிரிக்கவில்லை. நிஜப் பிள்ளை அவள் தோளில், கம்பளித் துண்டுக்குள் கிடந்தது. அவள் கண் விட்டத்து முடிச்சைவிட்டு நகரவே இல்லை.

போன வாரம் ஸ்டோரின் இஞ்சின் அறையைப் பற்றி எழுதியிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே எண்ணெய்த் துணியும் கையுமாக அலைந்த மெஷின்காரனாக என்னைப் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் வீட்டுக்குள் வாருங்கள். இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தோட்டம், ஒரே கூரையின் கீழ் எட்டுக் காம்பரா ஒட்டி நிற்கும் லயம், அதில் கடைசிக்கு முந்தியது எங்களுடையது.

ஏற்றத்தில் தூங்கிய பிள்ளை

எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டங்கள் கம்பனிகளின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். தொரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகைகள் மாறின. எங்கள் அடுப்பில் மாறியது ஒன்றுதான். சோறு போய் மரவள்ளி வந்தது. பங்கீட்டுக் கூப்பன் மாவுக்குக் கடை வாசலில் வெயிலேறும் வரை நிற்க வேண்டும். நின்றாலும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அந்தக் காலத்தில்தான் செல்வராணி பிறந்தாள். மாசம் முந்திப் பிறந்த பிள்ளை. மருத்துவிச்சி அவளைத் துடைத்து என் கையில் கொடுத்தபோது, கையில் ஏதோ இருக்கிறது என்பதைச் சூட்டை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். முகம் பார்த்துச் சிரிக்கும் முன்பே போய்விட்டான். அவன் பிறந்தபோது பார்க்க வந்தவர்களெல்லாம் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்டி மீனாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்தான் அவனைக் கொண்டுபோனது என்று மீனாட்சி நம்பினாள். அதனால் இந்தப் பிள்ளையை யாரும் கனம் பார்க்கக் கூடாது; வளர்ந்திருக்கிறாள், இளைத்திருக்கிறாள் என்று எதுவும் சொல்லக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். நான் மீறியதில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது.

பிள்ளைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தூங்காத பிள்ளை சோர்ந்துபோகும். சோர்ந்த பிள்ளை பால் இழுக்காது. பால் இழுக்காவிட்டால் தாய்க்கும் சுரக்காது. எல்லோர் வீட்டையும்போலச் சேலைத் தொட்டில் கட்டி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம். ஆட்ட ஆட்டக் கக்கினாள்.

மீனாட்சி தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் பிள்ளை தூங்கியது. வாசலில் நடந்தாள், கோயில் பாதையில் நடந்தாள், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை போய்த் திரும்பினாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன. உட்கார்ந்ததும் பிள்ளை முழித்துக்கொள்ளும்.

ஒரு நாள் நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். சமதரையில் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தவள், கோயில் படியில் ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடினாள். இறங்கும்போதும் தூங்கினாள். கீழே வந்து சமதரையில் நடந்தேன், முழித்தாள். மறுபடி ஏறினேன். பார்த்தவர்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது மேலும் கீழுமான அசைவு. அது எப்படிச் சேலைத் தொட்டிலில் வரும்? மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் பாஸிடம் கேட்டேன்.

தள்ளுகிற ஸ்பிரிங், இழுக்கிற ஸ்பிரிங்

சோமபால பாஸ் ஸ்டோரின் பிட்டர்; மெஷின் பழுதுபார்ப்பவர். தொழில் தெரிந்த கைவினைக்காரரைச் சிங்களத்தில் பாஸ் என்பார்கள். வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில்; மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து வருவார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியிருக்கும். என்னை "மல்லி" என்பார், தம்பி என்று அர்த்தம். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து, ஸ்டோருக்குப் பின்னால் பழைய இரும்பு குவிந்திருந்த இடத்துக்கு நடந்தார். எனக்கு முந்திக்கொண்டு உதவ ஆசை. கண்ணில் பட்டதிலேயே தடியான ஸ்பிரிங் ஒன்றைத் தூக்கினேன்.

பாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மல்லி, அது கொழுந்து அரைக்கிற ரோலர் மூடிய அமுக்குறது. தள்ளுற ஸ்பிரிங். இழுக்க பே. நீங்க தொங்கினாலும் அசையாது. ஒங்க வீட்டுல இருக்கிறது பபாவா, அலிப் பெட்டியாவா?"

பே என்றால் முடியாது; அலிப் பெட்டியா என்றால் யானைக்குட்டி.

அவர் எடுத்தவை, கொழுந்து வாட்டும் மாடிக் கதவுகளில் இருந்து கழற்றிப் போட்ட ஸ்பிரிங்குகள். சூடு வெளியே போகாமல் கதவைத் தானாக இழுத்துச் சாத்துவதற்கு வைத்தவை. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக இருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் துடைத்தோம். ஒன்றை மட்டும் மாட்டி, அதில் ஒரு இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். வெடுக் வெடுக்கென்று ஆடியது.

"இது அவசரக்காரன். பபா பயப்படும்." இரண்டாவதை அதன் கீழே கொக்கி போட்டார். அதே இரும்புத் துண்டு இப்போது முன்னைப்போல இரண்டு பங்கு கீழே இறங்கி, நிதானமாக ஏறி இறங்கியது. "ஒரே பாரம்தான். ஆனா ரெண்டு பேரும் நீளுறாங்க. அதனால மெதுவா போகும்."

அந்த வேகம் கோயில் படி ஏறும் வேகமாக இருந்தது.

கொக்கிகள் உரசும் இடத்தில் கீச்சென்று சத்தம் வந்தது. ஏழெட்டுத் தடவை ஆடியதும் நின்றுவிட்டது. பாஸ் விரலில் கிரீஸ் எடுத்துத் தடவினார். "சத்தம் வாற எடத்துலதான் நம்ம இழுத்த இழுவ எல்லாம் வீணா போகுது." மறுபடி ஒரே இழுப்பு. இந்தத் தடவை நாங்கள் ஒரு பீடியைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுக்கும் வரை ஆடிக்கொண்டே இருந்தது. மீனாட்சியின் கால்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

குழவி குதித்த கதை

வீட்டுக்கு வந்து மாட்டிய அன்று பாஸ் வாய்தவறி, "பபா எவ்வளவு கனம்?" என்று கேட்டுவிட்டார். மீனாட்சியின் முகம் சுருங்கியது. அவள் பதில் சொல்லும் முன், அடுத்த காம்பரா சவரியம்மா அக்கா உள்ளே போய்த் தன் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதப் போட்டுப் பாருங்க பாஸ். எங்காளுக தொட்டில்ல மொதல்ல இதத்தான் போடுறது."

சவரியம்மா அக்காதான் எங்கள் டிவிசனின் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. எங்கள் லயத்தில் அவர் கையில் வளராத பிள்ளை இல்லை.

குழவி அழகாக ஆடியது. பாஸ் ஒரு சாண் இழுத்துவிட்டார். ஒரு சாண் ஏறி, ஒரு சாண் இறங்கியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சனத்துக்கு முன்னால் நானும் ஏதாவது காட்ட வேண்டாமா? இரண்டு சாணுக்கும் மேலே இழுத்தேன். இழுக்க இழுக்க ஸ்பிரிங் கையை எதிர்த்தது. விட்டேன்.

தொட்டில் விட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. குழவி சேலைக்குள்ளிருந்து துள்ளி வெளியே விழுந்தது. சாணி மெழுகிய தரையில் ஒரு குழி.

யாரும் சிரிக்கவில்லை. மீனாட்சி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "எம்புள்ளய இதுல போடமாட்டேன்."

இந்த இடத்தில் பல வருஷம் கழித்து நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில், செல்வராணிக்குப் பிறகு பிறந்த என் மகன் வாசலில் உட்கார்ந்து விஞ்ஞானப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். "விற்சுருளை நீட்டுவதற்குச் செய்யப்படும் வேலை, அதில் சக்தியாகச் சேமிக்கப்படும். நீட்சி இரு மடங்கானால், சேமிக்கப்படும் சக்தி நான்கு மடங்காகும்."

விற்சுருள் என்றால் என்ன என்று கேட்டேன். ஸ்பிரிங் என்றான்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மீனாட்சி நிமிர்ந்தாள். "என்னாது, ரெண்டு மடங்கு இழுத்தா நாலு மடங்கா?"

"ஆமாம்மா. போகப் போக இழுக்கிறது கஷ்டமாகும்ல. தூரமும் கூடுது, பலமும் கூடுது. ரெண்டும் சேந்து நாலு."

"ஒங்கப்பாகிட்ட அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா, சவரியம்மாக்கா கொழவி எந்திரிச்சு ஓடியிருக்காது," என்றாள்.

கதைக்கு வருகிறேன். குழவி விழுந்த அன்று பாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. மறுநாள் மெல்லிய, ஆனால் உறுதியான ஒரு கயிற்றோடு வந்தார். அதை விட்டத்திலிருந்து ஸ்பிரிங்குகளுக்குப் பக்கமாக இறக்கி, கீழ் வளையத்தில் கட்டினார். கயிறு கொஞ்சம் தொய்வாக இருந்தது. தொட்டில் ஆடும் அளவுக்கு இடம் கொடுக்கும். அதற்கு மேல் யார் இழுத்தாலும் கயிறு விறைத்துக்கொள்ளும், ஸ்பிரிங் நீளாது. ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் கயிற்றில் நிற்கும்.

"நங்கி," என்று மீனாட்சியைக் கூப்பிட்டார். தங்கச்சி என்று அர்த்தம். "இப்ப நானே தொங்குறேன், பாருங்க." வளையத்தைப் பிடித்து, காலை மடக்கித் தொங்கினார். விட்டம் முனகியது. கயிறு நின்றது.

மீனாட்சி அப்போதும் சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் குழவிதான் தொட்டிலில் கிடந்தது. மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து மத்தியானம் திரும்பினேன். வாசலிலேயே வித்தியாசம் தெரிந்தது, சத்தம் இல்லை. உள்ளே குழவி மூலையில் கிடந்தது. பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே பாயில் மீனாட்சி, சேலை விளிம்பை விரலில் சுற்றியபடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

பெட்டியின் எழுத்துக்கள்

தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. பலகைப் பெட்டி, அதுதான் எங்கள் அலமாரி. அதன் பக்கவாட்டில் தோட்டத்தின் பெயர், தேயிலையின் ரகம் என்று வரிவரியாகக் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது.

செல்வராணியை முதலில் தொட்டிலில் போட்ட நாட்களில், சேலையின் அடி, பெட்டியின் முதல் வரிக்கு நேராகத் தொங்கியது. கொஞ்ச நாளில் முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் வந்தது. பிறகு இரண்டாவது வரியைத் தொட்டது.

பாரம் கூடக் கூட ஸ்பிரிங் நீளும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. மீனாட்சியும் கேட்கவில்லை. ஆனால் விடியற்காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது என் கண் அந்தப் பெட்டிக்குப் போகும். பிள்ளைக்குத் துணி மாற்றும்போது அவள் கண்ணும் அங்கே போகும். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்த்துவிட்டால் இரண்டு பேரும் வேறெங்கோ பார்ப்போம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள், "ஏங்க, எனக்கு இன்னொரு ரொட்டி," என்றாள். அவள் தனக்கென்று கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. பிள்ளை நன்றாகக் குடிக்கிறாள், தாய்க்குப் பசிக்கிறது. என் தட்டிலிருந்ததைப் பிட்டுப் போட்டேன். தொட்டில் அன்று இரண்டாவது வரியைத் தாண்டியிருந்தது.

தொட்டில் மேலே போன சாயங்காலம்

பேறுகால லீவு முடிந்து மீனாட்சி பெரட்டுக்குப் போகத் தொடங்கினாள். பெரட்டு என்றால் காலையில் ஆள் எடுத்து வேலை பிரிக்கிற இடம். பிள்ளை பகலில் சவரியம்மா அக்காவிடம். சாயங்காலம் வீட்டுத் தொட்டிலில்.

அது மழைக்காலம். பிள்ளைக்காம்பராவில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. அன்று சாயங்காலம் பிள்ளையைக் கொடுக்கும்போது சவரியம்மா அக்கா, "இன்னைக்கு கொஞ்சம் தண்ணியா போச்சு தங்கச்சி. பாத்துக்க. ஆனா அழுகல, பேசாமதான் கெடந்துச்சு," என்றார்.

பிள்ளை அழவில்லை என்பது எங்களுக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது. மீனாட்சி இடுப்பில் கட்டியிருந்த, நனைந்த சாக்குப் படங்கைக் கழற்றிவிட்டு, கையைச் சூடாக்கி, பிள்ளையைத் தொட்டிலில் வைத்தாள். நான் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தேன்.

ஊதுகுழலை வைத்துவிட்டுத் திரும்பியபோது, அவள் தொட்டிலுக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

சேலையின் அடி இரண்டாவது வரிக்கு மேலே இருந்தது. நன்றாக மேலே.

நான் எழுந்து போய் விட்டத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். யாராவது கயிற்றை ஏற்றிக் கட்டியிருக்க வேண்டும் என்று ஒரு ஆசை. யாரும் தொடவில்லை. கொக்கிகளைப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தன. பிள்ளை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அழாமல் கிடந்தாள்.

மீனாட்சி என் கையைப் பிடித்தாள். "ஏங்க, தொட்டில் மேல போயிருச்சுங்க. எம்புள்ள கனம் கொறஞ்சு போயிருச்சுங்க."

அந்தச் சொல்லை அவள் வாயில் அன்றுதான் கேட்டேன்.

மழையில் மருந்தையா குவாட்டர்ஸுக்கு ஓடினோம். தோட்டத்து டிஸ்பென்சரைத்தான் மருந்தையா என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். சாப்பிடப் போனவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எத்தினை தரம் போனது? பால் குடிச்சவளோ?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தொட்டில் மேலே போய்விட்டது என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஸ்பிரிங்கையும் பெட்டியையும் பற்றித் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து விட்டார். விட்ட தோல் உடனே படியவில்லை. மடிப்பு அப்படியே நின்று, மெதுவாகத்தான் இறங்கியது.

"தண்ணி வத்திப் போச்சு," என்றார். "நல்ல நேரத்திலை கொண்டந்தனீங்கள். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும்."

அவரே தொரை பங்களாவுக்கு போன் பேசினார். கொழுந்து லொறியைக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு கிடைத்தது. டிரைவர் டவுனில் இருந்தான். நான் ஸ்டோருக்கு ஓடினேன். பாஸ் வேலையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு லொறியில் ஏறினார். புறப்படும்போது மருந்தையா தன் வீட்டுச் சீனிப் போத்தலோடு வந்தார். சீனிக்குக் கூப்பன் இருந்த காலம். கொதித்து ஆறிய நீரில் உப்பும் சீனியும் கரைத்து, தேக்கரண்டியோடு மீனாட்சியிடம் கொடுத்தார். "வழி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடு பிள்ளை. நிப்பாட்டிப்போடாதை."

லொறிக்கு அடியிலிருந்த ஸ்பிரிங் பட்டை எல்லாம் தேய்ந்திருந்தது. பாதையெல்லாம் குழி. பாஸ் எவ்வளவோ மெதுவாக ஓட்டியும் எங்கள் தலை கூரையில் இடித்தது. மீனாட்சி பிள்ளையை மடியில் வைக்கவில்லை. முழங்கையை மடக்கி, இரண்டு முன்கைகளிலும் ஏந்தி, உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தாள். குழி வரும்போது அவள் உடம்பு தூக்கிப் போட்டது. கைகள் தணிந்து கொடுத்தன. டவுன் வரை ஒரு குலுக்கலும் பிள்ளையிடம் போகவில்லை. நான் கரண்டியால் தண்ணீர் ஊட்டிக்கொண்டே வந்தேன். உதட்டில் பட்டதைப் பிள்ளை நக்கினாள். ஒவ்வொரு தடவை நக்கியபோதும் பாஸ் பாதையைப் பார்த்தபடியே, "குடிச்சதா?" என்று கேட்டார்.

வெறுந்தொட்டில்

வார்டில் தாய்க்கு மட்டும்தான் இடம். நானும் பாஸும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் மீனாட்சிக்கு மாற்றுச் சேலை எடுத்துவர வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்ததும் எதிரே தொட்டில். பாரம் இல்லாமல் ஸ்பிரிங்குகள் சுருங்கி, சேலை பெட்டியின் முதல் வரிக்கும் மேலே, என் இடுப்பு உயரத்தில் தொங்கியது. அதை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பிள்ளை இல்லாவிட்டாலும் குழவி இருக்கும், துணி மூட்டை இருக்கும்.

பிடித்துக் கீழே இழுத்தேன், அது வழக்கமாக நின்ற இடத்துக்கு. கை தன்னால் விட்டுவிட்டது. வெற்றுச் சேலை விட்டத்தை நோக்கித் துள்ளி, வெடவெடவென்று உதறியது. மறுபடி இழுத்தேன். மறுபடி விட்டேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

ஒரு கை வந்து வளையத்தைப் பிடித்து நிறுத்தியது. சவரியம்மா அக்கா.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க தம்பி."

அவர் கண் சிவந்திருந்தது. வளையத்தை விடாமலே பேசினார். "எங்கையிலதான் கெடந்துச்சு. அழுகலன்னு இருந்துட்டேன். மத்ததுக எல்லாம் கத்துச்சுக, நான் அதுகளத் தூக்கிக்கிட்டு நின்டேன். இது பேசாம கெடந்துச்சு தம்பி. மாதாவே, நான் என்னா செய்வேன்?"

லயத்தில் ஏற்கெனவே அவரைப் பற்றிப் பேச்சு கிளம்பியிருந்தது. வரும் வழியிலேயே என் காதிலும் விழுந்தது. நான் அவரைப் பார்த்தேன். மகன் போன அன்று, மீனாட்சியை மடியில் கிடத்திக்கொண்டு ராவெல்லாம் உட்கார்ந்திருந்தது இந்த அக்காதான்.

"நாங்களும் பேசாம கெடக்குதேன்னு சந்தோசப்பட்டோங்க அக்கா," என்றேன். "நீங்க தண்ணியா போச்சுன்னு சொன்னீங்க. சொன்னதாலதான் நாங்க உத்துப் பாத்தோம்."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மூலையில் கிடந்த குழவியைத் தூக்கித் தொட்டிலில் வைத்தார். தொட்டில் இறங்கி, அதன் இடத்தில் நின்றது. பிறகு மீனாட்சியின் மாற்றுச் சேலையை எடுத்துப் பக்குவமாக மடித்து, "நானும் வாறேன். பாலூத்துறவளுக்குக் கஞ்சி வேணும்," என்றார். அன்று முழுவதும் வார்டு வாசலில் என்னோடு அவரும் இருந்தார்.

தரை தட்டிய நாள்

செல்வராணி பிழைத்தாள். காலில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்று நாள் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில், வார்டு ஜன்னல் வழியாக அவள் அழும் சத்தம் கேட்டது. பெஞ்சிலிருந்த பாஸ் துள்ளி எழுந்தார். "மல்லி, கத்துறா! நல்லா கத்துறா!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டபோது அது முதல் வரியருகில்தான் நின்றது. மீனாட்சி பெட்டியைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இறங்கி வர நாளாகும் என்று தெரிந்தது. தாய்ப்பாலோடு மருந்தையா சொன்னபடி கஞ்சித் தண்ணீர். பிள்ளைக்காம்பராவில் குடிதண்ணீரைக் கொதிக்கவைக்க ஒரு பெரிய பானை வந்தது. மருந்தையா கேட்டு வாங்கிக் கொடுத்தார். சவரியம்மா அக்கா அதன் அடுப்பை அணையவே விடவில்லை.

மழை போய்ப் பனி வந்தது. பனி போய் வெயில் வந்தது. பாஸ் கட்டிய கயிற்றை நான் அவ்வப்போது தளர்த்திவிட, தொட்டில் இரண்டாவது வரிக்கு வந்தது, மூன்றாவது வரியைத் தாண்டியது, எழுத்தே இல்லாத பலகைக்கு இறங்கியது. ஒரு நாள் சவரியம்மா அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க மக தரையக் கூட்டுறா! வந்து பாருங்க."

ஆடும்போது சேலையின் அடி தரையை உரசிக்கொண்டிருந்தது. உள்ளே செல்வராணி காலை உதைத்து உதைத்துத் தானே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை விட்டத்துக்கு நேரே இழுத்துப் போட்டு ஏறி, முடிச்சை அவிழ்த்தேன். மீனாட்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே நின்றாள். பிள்ளை என் கால் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"எவ்வளவு தூக்கிக் கட்ட? ரெண்டு விரக்கட போதுமா?" என்று கேட்டேன். பிள்ளைக்கு எவ்வளவு போதும் என்று கேட்பதும் கனம் பார்ப்பதுபோலத்தான் என்று, கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மீனாட்சி பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றினாள். மாற்றும்போது ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு விரக்கட எப்பிடிங்க காணும்?" என்றாள். "நல்லா மேல தூக்கிக் கட்டுங்க. அடுத்த மாசம் இன்னும் கனப்பா."

சவரியம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு முழம் தூக்கிக் கட்டினேன்.